செயலி படுத்தால் விசாரிக்கப் போவது யார்?

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். கழுவிக் கவிழ்த்ததையும் எடுத்துப் போட்டு மறுபடி தேய்ப்பேன். என் கணவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சத்தத்தை வைத்து அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார். அந்த வருஷம் புரட்டாசியில் எங்கள் வீட்டு எவர்சில்வர் சாமான்கள் எல்லாம், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பளபளத்தன. காரணம் ஒரு செயலி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் செயலி திடீரென்று நின்றுபோனால் ஏன் நின்றது என்று எங்களுக்குத் தெரிவிக்கிற கருவியை யார் செய்வது என்ற பேச்சு.

செயலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து அறுவடை மிஷின் வைத்திருக்கிறார்கள். கதிர் முற்றிவிட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் மிஷின் வேண்டும். மேகம் கறுத்தால் போச்சு, மிஷின் பொறுப்பில் இருப்பவரின் போன் சூடாகிவிடும். யார் வயலுக்கு முதலில், யார் வயலுக்கு அடுத்து என்று முறை போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி போனில் காட்டுவதுதான் நாங்கள் செய்த செயலி. ஓப்பன் சோர்ஸ். ஊர்க் குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் புழங்கலாம், இறங்கிப் பார்க்கலாம், கரை இடிந்திருந்தால் மண் அள்ளிப் போடலாம். முதலாளி கிடையாது, சம்பளமும் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் உத்தரவு போடவும் ஆள் இல்லை. எந்த வேலை யாருக்கு என்பதெல்லாம் பேச்சிலேயே முடிவாகும். முதலில் வாயைத் திறந்தவருக்கு வேலை.

நாங்கள் மூன்று பேர். வலங்கைமான் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துத் தம்பி ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். செயலியின் முதல் வரியை எழுதியவர் அவர்தான். நல்ல மூளை, அதைவிட நல்ல மனசு, ஆனால் தான் பாதி சொல்லும்போதே எதிரில் இருப்பவருக்கு முழுதும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இரண்டாவது ஆள், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய். துபாயில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். செயலியில் எதை மாற்றினாலும், ஊரில் புழங்கும் அத்தனை விதமான போனிலும் அது ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

மூன்றாவது நான். நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவள். ஆனால் இந்தக் குழுவில் எனக்கு வாய்த்தது பொத்தான்களுக்குத் தமிழ் எழுதும் வேலை. சேர்ந்த அன்றைக்கு ஒரு பொத்தானில் 'சமர்ப்பி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இது என்ன அர்ச்சனைத் தட்டா? 'முறை போடு'ன்னு வைங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான். "சூப்பர்க்கா, தமிழ் முழுக்க நீங்களே பாத்துக்கங்க" என்றார். உள்ளே இறங்கி நிரல் எழுதத்தான் வந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவால்ல, பாத்துக்கிறேன்" என்றேன். இந்தப் 'பரவால்ல' என் வாழ்க்கையில் செய்த கேடு கொஞ்சநஞ்சமில்லை.

செயலி வந்து இரண்டு போகம் ஆகியும் ஒரு குறை வரவில்லை. ஓடுகிற மென்பொருளில் குறையே வராது என்பது, கொசு கடிக்காத நீடாமங்கலம் என்று சொல்வது போலத்தான். ஆனாலும் நாங்கள் நம்பினோம். நம்புவதற்குச் சுகமாக இருந்தது.

ஆவணியில் தம்பியின் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். தம்பி லீவு போட்டு வந்திருந்தார். நான், பாய், செயலியைப் புழங்குகிற ஊர்க்காரர்கள் சிலர் என்று ஒரு வேன் நிறையப் போனோம். சாமி கும்பிட்டு, மாலை மாற்றியதைப் பார்த்து, ஆசீர்வாதம் வாங்கி, பந்தியில் உட்கார்ந்தோம். ரசம் உப்புக் கரித்தது. சும்மா இல்லை, நாகப்பட்டினத்துக் கடலே இலைக்கு வந்துவிட்ட மாதிரி கரித்தது. தம்பி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வரிசை முழுக்க "ரொம்ப நல்லா இருக்கு" என்றது. நானும்தான் சொன்னேன். கடைசிப் பந்தியில் அவரே உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

என் பக்கத்து இலையில் மிஷின்கார அக்கா. வலங்கைமானுக்கு அந்தப் பக்கம், தம்பியின் ஊரிலேயே விவசாயக் குழுவின் மிஷினுக்கு முறை போடுகிறவர். அவரைவிட அதிகமாக எங்கள் செயலியைப் புழங்கியவர் யாரும் இல்லை. பேச்சுவாக்கில், "செயலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னம்மா, தங்கமா இருக்கு."

"தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. அப்பப்ப தானா மூடிக்கும். அவ்ளோதான்."

நான் அப்பளத்தைக் கீழே வைத்தேன். "அப்பப்பன்னா?"

"அறுப்பு நேரத்துல தெனம் மூடிக்கும். கடைசியா போட்ட முறையக் காணாது, திரும்பப் போட்டுக்குவேன். அதுவும் பாவம், எவ்வளவு நேரந்தான் உழைக்கும்? நான் செத்த நேரம் அத வுட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்து தொறப்பேன்."

"எங்ககிட்ட ஏங்க்கா சொல்லல?"

"நல்லா இருக்கே! சும்மா குடுத்துருக்கீங்க. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறதா?" என்று சொல்லிவிட்டு என் இலையைப் பார்த்து, "என்னம்மா, பாயசம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கயேன்" என்றார்.

சாப்பிட்டு முடித்து மண்டப வாசலில் பீடா மென்றுகொண்டு மூன்று பேரும் கூடினோம். தம்பிக்கு முகமே இல்லை. சொந்தக் கல்யாண வீட்டில் இப்படி ஒரு சேதி. ஆனால் நொடியில் சுதாரித்துக்கொண்டார். செயலி நின்றுபோனால், எந்த வரியில், எதைச் செய்தபோது நின்றது என்று அதுவே எங்களுக்கு அனுப்ப வேண்டும். கிராஷ் ரிப்போர்ட் என்பார்கள். பெரிய கம்பெனிகளின் மென்பொருளில் எல்லாம் இது உண்டு. எங்களுடையதில்தான் இல்லை.

"அனுப்பட்டும். ஆனா கேட்டுட்டு அனுப்பட்டும்" என்றார் பாய். "யாரு நெலத்த யாரு வாய்வார்த்தையா குத்தகைக்கு உழுறாங்கன்னு அந்த முறையில இருக்கு. சொல்லாம எடுத்தோம்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் இதத் தொட மாட்டாங்க."

இந்த மாதிரிக் கருவியை என் கம்பெனியில் நான் செய்திருக்கிறேன். வெளியே ஒட்டுகிற பெயர்ப்பலகை போல் இல்லாமல், இந்தச் செயலிக்குள்ளே என் கையால் எழுந்த ஒன்று இருக்க வேண்டும் என்று இரண்டு போகமாக எனக்குள் ஓர் ஆசை கிடந்தது. இது அதற்கென்றே வந்த வேலை. சொல்லலாம் என்று பீடாவை ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

"நானே முடிச்சிடறேன்" என்றார் தம்பி. "அக்கா, நீங்க அனுப்பலாமான்னு கேக்குற பொட்டில வர்ற தமிழ மட்டும் குடுத்துடுங்க."

"பரவால்ல தம்பி, குடுக்குறேன்" என்றேன். திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டில் தேய்க்க எத்தனை பாத்திரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

குறுவை அறுப்பு சூடு பிடிப்பதற்குள் தம்பி கருவியை முடித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நேர்த்தியான வேலை. செயலி நின்றால் ஒரு பெட்டி வரும். 'செயலி நின்றுவிட்டது. விவரத்தை எங்களுக்கு அனுப்பலாமா?' கீழே இரண்டு பொத்தான்கள்: 'அனுப்பு', 'வேண்டாம்'. தமிழ் என்னுடையதுதான். அறுப்பு முடிந்து, நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு ஒரு ரிப்போர்ட் வரவில்லை.

"கிராஷே இல்லக்கா!" என்று போனில் குதித்தார் தம்பி. "நடுவுல நான் சில எடத்த சரி பண்ணினேன்ல, அதுலயே போயிடுச்சு."

எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. மிஷின்கார அக்காவைக் கூப்பிட்டேன். "இன்னும் நிக்குதாக்கா?"

"நிக்குதே."

"ஒரு பொட்டி வந்து கேக்குதா?"

"கேக்குதும்மா, மரியாதையா கேக்குது. நான் வேண்டாம்னு போட்டுருவேன்."

"ஏங்க்கா?"

"ஒவ்வொரு தடவையும் அனுப்பிச்சா நீங்க வேலய வுட்டுட்டு இதயா பாத்துக்கிட்டு இருப்பீங்க? நம்மால உங்களுக்கு எதுக்கும்மா செரமம்?"

பாயும் தன் பங்குக்கு நாலு பேரை விசாரித்தார். அத்தனை பேரும் அதே பொத்தானைத்தான் அமுக்கியிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் எங்கள் மேல்தான் தப்பு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்புடுறீங்களா?" என்று கேட்டால், "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்" என்றுதான் பதில் வரும். தொண்டை வறண்டு உயிர் போனாலும் அதுதான் பதில். இது தெரிந்துதான் நாங்கள் கேட்பதில்லை, டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்று பேர் சேர்ந்து, 'காபி வேண்டுமா, வேண்டாமா' என்று பெட்டி வைத்துக் கேட்டிருக்கிறோம். வேறென்ன பதில் வரும்?

தம்பி சோர்ந்துபோனார். "அப்ப கேக்காமலே அனுப்பிடுவோமா?" என்றார். பாய் முடியவே முடியாது என்றார். கேட்டாலும் வராது, கேட்காமலும் எடுக்கக்கூடாது. "வேற ஏதாவது யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வைத்தார். யோசிக்கிற வேலையும் அவருக்கே போனது. எனக்கு மறுபடி பாத்திரம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஈரத்தில் சக்கரம் வழுக்கியது, நான் ஒரு பக்கம், காய்கறிப் பை ஒரு பக்கம். கணுக்காலில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. எதிர் வீடு, பக்கத்து வீடு, கணவரின் ஆபீஸ், என் நாத்தனார் வீட்டுச் சம்பந்தி வரைக்கும், கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் சாத்துக்குடியுமாக வந்து உட்கார்ந்து, முகத்தைச் சுருக்கி, "எப்படிம்மா ஆச்சு?" என்றார்கள்.

நானும் சொன்னேன். வெண்டைக்காய் வாங்கியதில் ஆரம்பித்து, கேட் திறந்ததும் பின்னாலிருந்து பஸ்காரன் ஆரன் அடித்தது, நான் எந்தப் பக்கம் ஒடித்தேன், எந்தக் கால் முதலில் ஊன்றியது, எல்லாம் சொன்னேன். யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மறந்துபோனவை ஞாபகம் வந்தன. முன் டயர் வழவழவென்று தேய்ந்திருந்ததை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்பது, எதிர் வீட்டம்மாவிடம் சொல்லும்போதுதான் என் வாயில் வந்தது. தலைவலி என்றுகூட யாரிடமும் சொல்லாதவள் நான். விசாரிக்க வந்தவர்களிடம் என் முன் டயரின் வரலாற்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டம்மா கிளம்பிப் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதானே! எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள். உதவி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஆனால் ஒன்று நடந்து முடிந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி ஆச்சு?" என்று கேட்டால் ஒரு துளி விடாமல் சொல்வார்கள். விழுந்துகொண்டிருக்கும்போது யாரும் கேட்பதில்லை. முதலில் தூக்கிவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். வீடு வந்து சேர்ந்து ஆசுவாசமான பிறகுதான் விசாரிப்பு. கருவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். செயலி நின்றால் முதலில் கடைசி முறையைத் தொலைக்காமல் காப்பாற்றிக் கொடுக்கட்டும். அப்புறம் ஆற அமர அடுத்த முறை திறக்கும்போது, 'அடடா, திடீர்னு நின்னுடுச்சே. எப்படி ஆச்சு?' என்று கேட்கட்டும். டைப் அடிக்கச் சொல்லக் கூடாது. மைக்கைத் தொட்டுப் பேசட்டும். பேசி முடித்தவர்கள் 'சொல்லியாச்சு' என்று அமுக்கினால் குரலும் நிரல் நின்ற இடமும் எங்களுக்கு வரட்டும். வயல்காரர்களின் முறைப் பட்டியல் எங்களிடம் வரவே வேண்டாம்.

எல்லாம் மனசுக்குள் ஓடியது. யாரிடம் சொல்வது? தம்பியிடம் சொன்னால், "சூப்பர்க்கா, குடுங்க நான் செஞ்சிடறேன்" என்பார். நினைத்தாலே கை பாத்திரத்தைத் தேடியது.

அடுத்த நாள் பாயும் அவர் வீட்டம்மாவும் விசாரிக்க வந்தார்கள். எலும்புக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தார்கள். விழுந்த கதையை ஒரு முறை ஓட்டினேன். கேட்டு முடித்துவிட்டு பாய் சொன்னார்: "விழுந்தது சரி. அதுக்கு முன்னாடியே உங்க மொகம் சரியில்லையே. திருக்கடையூர்லேருந்து பாக்குறேன். என்னம்மா ஆச்சு?"

அவ்வளவுதான். கொட்டிவிட்டேன். பொத்தானில் ஆரம்பித்து, வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது, இப்போது தோன்றிய யோசனை, அதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம், எல்லாம். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பாய் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாய் தாடியைத் தடவினார். "இதெல்லாம் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"அழுத புள்ளைக்குத்தாம்மா பாலு. நீங்க பரவால்ல பரவால்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அவருக்கு என்ன தெரியும்? நீங்களும் அந்த 'வேண்டாம்' பொத்தானத்தான அமுக்கிக்கிட்டு இருக்கீங்க?" என்றார். சூப் சூடாக இருந்தது, எனக்கு அதைவிடச் சூடாக உறைத்தது.

கார்த்திகையில் மூன்று பேரும் வீடியோவில் கூடினோம். பாய் அவர் கடையிலிருந்து, தம்பி சிங்கப்பூரிலிருந்து, நான் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி. யோசனையைச் சொன்னேன். தம்பிக்குக் கண் விரிந்தது. "சூப்பர்க்கா! அந்த வார்த்தையெல்லாம் எழுதிக் குடுங்க, நான் வச்சு—"

"வார்த்தை இல்ல தம்பி. முழுக் கருவியையும் நான் செய்றேன்."

வீடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். தம்பிதான் அசையாமல் இருந்தார். "அக்கா, குரலெல்லாம் வச்சு அனுப்புறது கொஞ்சம் கஷ்டமான பகுதி. சிக்னல் இருக்காது, சின்ன போன்ல எடம் இருக்காது..."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

"நாந்தான செய்யறேன்னு இருந்துச்சு..."

"நீங்க செஞ்சீங்க. நல்லாத்தான் செஞ்சீங்க. ஒண்ணும் வரலையே" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

பாய் குறுக்கே வந்தார். "சம்பா அறுப்பு வரைக்கும் அம்மா பாக்கட்டும் தம்பி. ரிப்போர்ட் வந்தா வந்துச்சு. வரலன்னா அப்ப பேசிக்குவோம்."

"சரி. அறுவடை வரைக்கும்" என்றார் தம்பி. "வரலன்னா நான் எடுத்துக்குவேன்க்கா."

மார்கழி முழுக்க அந்த வேலைதான். காலையில் கம்பெனி வேலையை முடித்து, மத்தியானம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் தடவை பாய் கடையில் ஒரு சின்ன போனில் போட்டுப் பார்த்தபோது, 'எப்படி ஆச்சு?' என்று கேட்க வந்த என் கருவியே செயலியைப் படுக்க வைத்துவிட்டது. "விசாரிக்க வந்தவரே மயங்கி விழுந்துட்டாரும்மா" என்று பாய் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி சொன்னது சரியோ, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமோ என்று இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. அப்புறம் ரோஷம் வந்து, குரலைச் சுருக்கி, சிக்னல் கிடைக்கிற வரை போனிலேயே காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும்படி மாற்றினேன். பொங்கலுக்கு முன்னால் பாய் தன் கடையில் இருந்த அத்தனை போனிலும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்தது.

தை பிறந்து அறுப்பு ஆரம்பித்தது. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், வந்து குவிந்திருக்கிறது! எல்லாம் குரல்கள். ஒருவர், வாய்க்காலில் இறங்கிய மாட்டைப் பிடித்துக் கட்டியதிலிருந்து ஆரம்பித்தார். ஒருவர் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று எங்களிடம் முறையிட்டார். இன்னொருவர் பேத்திக்குக் காது குத்து, அவசியம் குடும்பத்தோடு வர வேண்டும் என்று தேதியும் சொல்லிவிட்டு, கடைசியில், "ஆங், அது என்னமோ நின்னுச்சும்மா" என்றார். நான் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிரித்துச் சிரித்து, ஆறிவந்த கால் மறுபடி வலித்தது.

அதற்கு நடுவில், அன்று விடியற்காலையில் வந்திருந்த மிஷின்கார அக்காவின் குரல்.

"எப்படி ஆச்சுன்னா கேக்குற? சொல்றேன் கேளும்மா. நாளைக்குக் காலையில தெக்குத் தெருக்காரருக்கு முறை போட்டேன். போட்டு முடிக்கல, அவரு பங்காளி வந்துட்டாரு. எனக்கும் நாளைக்கே வேணும், வயல்ல தண்ணி நிக்குது, சேத்துல எறங்குற பெல்ட்டு வண்டி வுடணும்னாரு. சரின்னு அவரயும் நாளைக்கே போட்டேன். போட்டதும் மூடிக்கிச்சு. போன வருசமும் இப்படித்தான். தொறந்து பாத்தா ஒருத்தருதான் இருப்பாரு. ரெண்டு பேரும் என்னயத் திட்டுவாங்க. நான் வேணும்னே ஒருத்தர வுட்டுட்டேனாம். அதுக்காக நான் ஒரு நாளு அழுதுருக்கேன். அது போவட்டும். கால் எப்படி இருக்கு?"

நான் அதை மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குலசாமி. பாதிப் பேருக்கு அந்தச் சாமியின் பெயர்தான். பங்காளிகள் என்றால் அப்பாக்களின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி இனிஷியலும் ஒன்றாகிவிடும். அக்காவின் குரலோடு வந்திருந்த, நிரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். எங்கள் செயலி ஒரு நாளுக்கு ஒரு பெயர் ஒரு தடவைதான் வரும் என்று நம்பியிருந்தது. அதே பெயர் அதே நாளில் இரண்டாவது தடவை வந்ததும் திகைத்துப் படுத்துவிட்டது.

தம்பிக்கு அக்காவின் குரலை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். முறை போடுகிற அந்தப் பகுதி அவர் எழுதியது. கோபித்துக்கொள்வாரோ என்று பயம்.

"அந்தக்கா அழுதுச்சாக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆமா தம்பி."

"எங்க ஊருல அந்தப் பேரு எத்தன பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்றார். "என் பேரே அதுதானே!"

எனக்கு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். ஒருவர் பேச, ஒருவர் எழுத, பெயருக்குப் பதில் வயலை வைத்து அடையாளம் காணும்படி அன்றைக்கே மாற்றினோம். மறுநாள் தெற்குத் தெருக்காரரும் பங்காளியும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராகக் கதிர் அறுத்தார்கள். இரண்டு பேர் பெயரும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதை அக்கா படம் எடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு பெயர்ச் சிக்கலில் செயலி படுக்கவே இல்லை. மற்ற இடங்களில் படுத்தது. படுத்தபோதெல்லாம் ஊரே எங்களுக்குக் கதை சொன்னது, நாங்கள் சரிசெய்துகொண்டே போனோம்.

மாசியில் அறுப்பு ஓய்ந்தது. மூன்று பேரும் மறுபடி வீடியோவில் உட்கார்ந்தோம். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, அறுவடை வரைக்கும்னு பேசியிருந்தோம். அறுவடை முடிஞ்சிடுச்சு."

ரிப்போர்ட் வந்ததா வரவில்லையா என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் தொடங்கி வைத்த செயலி. அடுத்த குறுவைக்கு இன்னும் பெரிதாக மாற்ற வேண்டும், அதற்குத் தேர்ந்த கை வேண்டும் என்று அவர் சொன்னால் அதில் தப்பும் இல்லை.

"இனிமே யாரு இதப் பாத்துக்கிறதுன்னு இப்ப முடிவு பண்ணணும்" என்றார் தம்பி. "போன தடவ நான் யாரையும் கேக்கல. இப்பக் கேக்குறேன். உங்களுக்கு என்னக்கா வேணும்?"

பாய் கடையில் யாருக்கோ சார்ஜர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கொடுக்காமல் அப்படியே நின்றார். என் வாயில் வழக்கமான அந்த வார்த்தை வந்து நின்றது. முதல் எழுத்துக்கு உதடுகூட ஒட்டிவிட்டது. விழுங்கினேன்.

"எனக்கு வேணும் தம்பி" என்றேன். "இந்தக் கருவியும் வேணும். முறை போடுற பகுதியும் வேணும்."

"அது நான் எழுதுனதுக்கா!"

"தெரியும். அதான் கேக்குறேன்."

பாய் பெரிதாகச் சிரித்தார். சார்ஜர் வாங்க வந்தவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பது கேட்டது. தம்பி தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரி, எடுத்துக்கங்க" என்றார். "அப்ப பொத்தானுக்கெல்லாம் தமிழ் யாருக்கா எழுதுறது?"

"நீங்க எழுதுங்க தம்பி" என்றேன். "நான் பாத்துச் சொல்றேன்."